கெர்னலில் புதிய சிஸ்டம் கால் எழுதப் போகிறவர்களுக்கு

கெர்னல் என்பது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி; புரோகிராம்கள் அதனிடம் வேலை கேட்கும் வழிதான் சிஸ்டம் கால். கெர்னலில் ஒரு புதிய சிஸ்டம் காலைச் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. அட்டவணையில் ஒரு வரி, ஒரு ஃபங்ஷன், ஒரு கம்பைல், ஒரு ரீபூட். கைப்பழக்கம் உள்ளவர் ஒரே மாலையில் முடித்துவிடுவார். கஷ்டமெல்லாம் அந்த ஃபங்ஷனின் வாசலில் இருக்கிறது. வெளியிலிருந்து வருவதில் எதை உள்ளே விடுவது, எதை அங்கேயே திருப்பி அனுப்புவது? இன்று ஏற்றுக்கொண்ட ஒன்றை நாளை மறுக்க முடியாது, ஏனென்றால் அதற்குள் யாரோ ஒருவருடைய புரோகிராம் அதை நம்பி ஓடிக்கொண்டிருக்கும். இன்று மறுத்ததையோ எப்போது வேண்டுமானாலும் ஏற்றுக்கொள்ளலாம். அதனால் தாராளமாக மறுக்கப் பழகுங்கள். கீழே வரும் பெரும்பாலான யோசனைகள் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

சி மொழியும் பாயின்டரும் பழக்கம் என்றால் இதைப் படிக்கலாம். உதாரணங்களை லினக்ஸிலிருந்து எடுக்கிறேன். கையில் வைத்து விளையாட ஒரு அழைப்பும் வேண்டுமே: ஒரு பிராசஸைச் சுட்டிக்காட்டினால், அது எத்தனை ஃபைல்களைத் திறந்து வைத்திருக்கிறது, எவ்வளவு மெமரி பிடித்திருக்கிறது என்று ஒரு ஸ்ட்ரக்டில் நிரப்பித் தருகிற அழைப்பு. 'தகவல் அழைப்பு' என்று வைத்துக்கொள்வோம். பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் சிஸ்டம் கால் எழுதுகிறவர் தடுக்கி விழும் இடங்களில் பாதிக்கு மேல் இதற்குள்ளேயே இருக்கின்றன.

அழைப்பு உள்ளே வரும் வழி

எக்ஸ்86-64 (இன்டெல், ஏஎம்டி 64 பிட் சிபியு) கணினியில் புரோகிராம் தனக்கு வேண்டிய அழைப்பின் எண்ணை ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் வைக்கிறது. ஆர்கியுமென்ட்கள் வரிசையாக ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்10, ஆர்8, ஆர்9 ஆகியவற்றில் போகும். அதன் பிறகு 'சிஸ்கால்' என்ற ஒரே ஒரு கட்டளை. சாதாரண ஃபங்ஷன் அழைப்பில் நான்காவது ஆர்கியுமென்ட் ஆர்சிஎக்ஸில் போகும். இங்கே ஏன் ஆர்10 என்று கேட்டால், சிஸ்கால் கட்டளை திரும்பி வரவேண்டிய முகவரியை ஆர்சிஎக்ஸிலும், ஃப்ளாக் நிலவரத்தை ஆர்11இலும் எழுதிவிடுகிறது. அந்த இரண்டும் அழிந்துவிடும்.

இதிலிருந்து இரண்டு கட்டுப்பாடுகள் வருகின்றன. ஆர்கியுமென்ட்கள் ஆறுக்கு மேல் கிடையாது. திரும்புவது ஒரே ஒரு எண். அந்த எண் -1 முதல் -4095 வரை இருந்தால் பிழை, மற்றதெல்லாம் வெற்றி. சி லைப்ரரி அந்த எண்ணின் எதிர்மறைக் குறியை நீக்கி எர்நோ என்ற பிழை மாறியில் வைத்துவிட்டு, அழைத்தவருக்கு -1 கொடுக்கும். ஆகவே உங்கள் அழைப்பு உண்மையான விடையாகவே எதிர்மறை எண்ணைத் தரவேண்டியிருந்தால் சிக்கல். கெட்பிரையாரிட்டி அழைப்பு இதில் மாட்டியதுதான்: நைஸ் மதிப்பு (பிராசஸின் முன்னுரிமை எண்) -20 முதல் 19 வரை போவதால், லினக்ஸ் கெர்னல் அதை 40 முதல் 1 வரையான எண்ணாக மாற்றித் திருப்புகிறது, லைப்ரரி மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. விடையை ஒரு பாயின்டர் வழியாக எழுதிவிட்டு, வெற்றிக்கு 0 திருப்பினால் இந்தத் தொல்லை வராது.

இதற்கு முன் கெர்னல் பக்கமே போனதில்லை என்றால் நேராக லினக்ஸில் இறங்காதீர்கள். எம்ஐடியில் பாடம் நடத்த எழுதப்பட்ட எக்ஸ்வி6 இருக்கிறது. அதன் ரிஸ்க்-ஃபைவ் பதிப்பில் சிஸ்டம் கால்கள் மொத்தமே 21. எண் ஏ7 ரெஜிஸ்டரில் போகும், ஈகால் கட்டளை கெர்னலுக்குள் தள்ளும், விடை ஏ0இல் வரும். இருபத்திரண்டாவதாக ஒன்றைச் சேர்த்து, கெர்னலிலிருந்து யூசர் மெமரிக்கு நகலெடுக்கும் காப்பிஅவுட் ஃபங்ஷன் எப்படிப் பேஜ் டேபிளை (மெமரி முகவரிகளின் வரைபடத்தை) ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, 'இந்தப் பக்கம் இருக்கிறதா, யூசர் தொடக்கூடியதா' என்று சரிபார்த்த பிறகே எழுதுகிறது என்பதைப் படியுங்கள். லினக்ஸில் ஹார்ட்வேருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு வேலையை அங்கே வரிவரியாகப் பார்த்துவிடலாம்.

புதிய அழைப்பு தேவைதானா

ஏற்கெனவே உள்ள ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த ஃபைலுக்குக் கெர்னல் தரும் எண்) ஒன்றில் நடக்கும் சின்ன வேலை என்றால் ஐஆக்டில் அல்லது எஃப்சிஎன்டிஎல் போதும். மனிதர் படிக்கும் தகவல் என்றால் பிராக் அல்லது சிஸ் அடைவில் (கெர்னல் தன் தகவலை ஃபைல்களாகக் காட்டும் இடங்கள்) ஒரு ஃபைல் போதும். கடிகார நேரம் போல அடிக்கடி கேட்கப்படும், ரகசியமில்லாத எண் என்றால் கெர்னலுக்குள் நுழையாமலே விடிஎஸ்ஓ (புரோகிராமின் மெமரியில் கெர்னல் வைத்துத் தரும் சிறு லைப்ரரி) வழியாகக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள்; கிளாக்_கெட்டைம் அப்படித்தான் வேலை செய்கிறது. இவற்றில் எதுவும் பொருந்தவில்லை என்றால் மட்டும் மேலே படியுங்கள். இன்னொரு அழைப்புக்குள் ஒரு 'செயல் எண்' ஆர்கியுமென்ட்டைத் திணித்து, ஒரே கதவின் பின்னால் பத்து வேலைகளை ஒளித்து வைப்பதை மட்டும் செய்யவே வேண்டாம். அது பிழை சரிபார்ப்பையும் ஆவணத்தையும் சேர்த்தே கெடுக்கும்.

வடிவத்தைத் தீர்மானிப்பது

கோட் எழுதும் முன் ஆர்கியுமென்ட் பட்டியலைக் காகிதத்தில் எழுதுங்கள். அதில் 'ஃப்ளாக்ஸ்' என்று ஒன்று இருக்கிறதா? இல்லையென்றால் சேருங்கள். இன்றைக்கு ஒரு ஃப்ளாக்கும் தேவைப்படாவிட்டாலும் சேருங்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், லினக்ஸின் சிஸ்டம் கால் பட்டியலிலேயே பதில் இருக்கிறது. பைப் இருக்க பைப்2, டூப்2 இருக்க டூப்3, ஆக்செப்ட் இருக்க ஆக்செப்ட்4, ரீநேம்ஏட் இருக்க ரீநேம்ஏட்2. இவை எல்லாமே பழையதில் ஃப்ளாக்ஸ் இடம் இல்லாததால் பிறந்தவை. இதில் மிக நீண்ட கதை ஃபைல் அனுமதியை மாற்றும் எஃப்சிஎச்மோட்ஏட். 2006இல் வந்தபோது கெர்னல் பக்கத்தில் அதற்கு ஃப்ளாக்ஸ் ஆர்கியுமென்ட் இல்லை. சிம்பாலிக் லிங்க்கைப் பின்தொடரவேண்டாம் என்ற ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லக்கூட வழியில்லாமல், லைப்ரரிக்காரர்கள் பிராக் வழியாகச் சுற்றிவளைத்துச் சமாளித்தார்கள். எஃப்சிஎச்மோட்ஏட்2 வந்து சேர்ந்தது 2023இல், 6.6 பதிப்பில்.

ஃப்ளாக்ஸ் இடம் வைத்தால் மட்டும் போதாது. உங்களுக்குத் தெரியாத எந்த பிட் வந்தாலும் ஈஇன்வால் (22) கொடுத்து மறுக்கவேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓபன் அழைப்பே சாட்சி. அது தெரியாத ஃப்ளாக்குகளைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அதனால் 2013இல் 3.11 பதிப்பில் பெயரில்லாத தற்காலிக ஃபைலுக்கான ஓ_டிஎம்ப்ஃபைல் என்ற புதிய ஃப்ளாக்கைச் சேர்க்கும்போது ஒரு கேள்வி வந்தது: பழைய கெர்னலில் இந்த ஃப்ளாக்கோடு ஓபன் அழைத்தால், அது ஃப்ளாக்கைப் புரிந்துகொள்ளாமல் வேறு எதையாவது திறந்து வைத்துவிட்டால்? கடைசியில் அந்த ஃப்ளாக்குக்குள்ளேயே ஓ_டைரக்டரி பிட்டையும் சேர்த்து, எழுதும் அனுமதியையும் கட்டாயமாக்கினார்கள். ஓர் அடைவை எழுதுவதற்காகத் திறக்கப் பழைய கெர்னல் மறுக்கும், ஆகவே அங்கே அழைப்பு தோற்றுவிடும். சாமர்த்தியமான ஏற்பாடுதான், ஆனால் அப்படிப்பட்ட சாமர்த்தியம் தேவைப்படாத இடத்திலிருந்து நீங்கள் தொடங்கலாம்.

அடுத்து, ஆர்கியுமென்ட்கள் நான்கைந்தைத் தாண்டும்போது, அல்லது பின்னால் வளரும் என்று தோன்றும்போது, அவற்றை ஒரு ஸ்ட்ரக்டில் வைத்து, அதன் பாயின்டரையும் சைஸையும் வாங்குங்கள். சைஸ்தான் இதில் முக்கியம். க்ளோன்3 2019இல் 5.3 பதிப்பில் வந்தபோது அதன் ஸ்ட்ரக்ட் 64 பைட். பிறகு 80 ஆனது, அதன் பிறகு 88. அழைப்பின் எண் மாறவில்லை, பழைய புரோகிராம்கள் உடையவில்லை.

இதன் விதி மிக எளிது. புரோகிராம் அனுப்பும் ஸ்ட்ரக்ட் கெர்னலுக்குத் தெரிந்ததைவிடச் சிறியதாக இருந்தால், மீதியை பூஜ்யமாக நிரப்பிக்கொள்ளவேண்டும். பெரியதாக இருந்தால், கூடுதலாக உள்ள பைட்கள் எல்லாம் பூஜ்யமா என்று பார்க்கவேண்டும்; பூஜ்யம் என்றால் புதிய வசதி எதையும் கேட்கவில்லை என்று அர்த்தம், அனுமதிக்கலாம். ஒரு பைட்டாவது பூஜ்யமில்லை என்றால் ஈ2பிக் (7). லினக்ஸில் காப்பி_ஸ்ட்ரக்ட்_ஃப்ரம்_யூசர் இதை அப்படியே செய்து கொடுக்கிறது, நீங்களாக எழுத வேண்டாம். 24 பைட் ஸ்ட்ரக்டோடு 2020இல் வந்த ஓபன்ஏட்2வின் கோடைத் திறந்து பாருங்கள், படிக்கச் சுலபமானது. இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு புதிய ஃபீல்டுக்கும் பூஜ்யம் என்றால் 'முன்பு இருந்தபடியே' என்று அர்த்தம் வரவேண்டும். புதிய ஃபீல்ட் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் அதைச் சரிபாருங்கள்.

மூன்றாவது, எதைச் சுட்டிக்காட்டுவது என்ற கேள்வி. நம் தகவல் அழைப்புக்கு பிராசஸ் எண்ணைக் கொடுக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பிராசஸ் எண்கள் மறுபடி பயன்படுத்தப்படுபவை. நீங்கள் எண்ணைப் பார்த்து வைத்த நொடிக்கும் அழைப்பு உள்ளே வரும் நொடிக்கும் நடுவில் அந்த பிராசஸ் இறந்து, அதே எண்ணில் வேறொன்று பிறந்திருக்கலாம். ஃபைல் டிஸ்கிரிப்டருக்கு இந்த ஆபத்து இல்லை. 5.3 பதிப்பிலிருந்து பிஐடிஎஃப்டி_ஓபன் வழியாக பிராசஸுக்கே ஒரு டிஸ்கிரிப்டர் வாங்கலாம். ஆகவே நம் அழைப்பு அந்த டிஸ்கிரிப்டரை, அதாவது பிஐடிஎஃப்டியைத்தான் வாங்கும். உங்கள் அழைப்பு புதிதாக ஏதாவது ஒரு பொருளை உருவாக்குகிறது என்றாலும், அதற்குச் சொந்தமாக ஓர் எண் முறையைக் கண்டுபிடிக்காமல் ஃபைல் டிஸ்கிரிப்டராகவே கொடுங்கள். போல், குளோஸ், சாக்கெட் வழியாக இன்னொரு பிராசஸுக்கு அனுப்புவது எல்லாம் இலவசமாக வந்துவிடும். புதிய டிஸ்கிரிப்டரில் குளோஸ்-ஆன்-எக்செக் பிட்டை (எக்செக் செய்யும்போது தானாக மூடச் சொல்வது) முதலிலிருந்தே வைக்க வழி இருக்கவேண்டும். பின்னால் தனியாக வைத்தால், நடுவில் வேறொரு த்ரெட் ஃபோர்க் செய்து எக்செக் போய்விடும்.

சரி, நம் அழைப்பின் வடிவம் இப்போது முடிவாகிவிட்டது: பிஐடிஎஃப்டி, ஸ்ட்ரக்டின் பாயின்டர், சைஸ், ஃப்ளாக்ஸ். நான்கு ஆர்கியுமென்ட்.

யூசர் பாயின்டர்: இங்கே நிதானமாகப் போங்கள்

யூசர் ஸ்பேஸிலிருந்து வரும் பாயின்டர் வெறும் எண். அது எங்கே வேண்டுமானாலும் காட்டலாம்: ஒன்றுமில்லாத இடத்தை, படிக்க மட்டுமே உரிய பக்கத்தை, கெர்னலின் சொந்த மெமரியை. கெர்னலுக்கு எல்லா இடத்திலும் எழுத உரிமை உண்டு என்பதுதான் ஆபத்து. புரோகிராம் ஒரு கெர்னல் முகவரியைக் கொடுத்து 'விடையை இங்கே எழுது' என்றால், சரிபார்க்காத கெர்னல் தன் தலையிலேயே எழுதிக்கொள்ளும்.

இது புத்தகத்துக்காகச் சொல்லும் பயம் இல்லை. 2017இல் லினக்ஸ் 4.13இல் வெயிட்ஐடி அழைப்பை வேகப்படுத்தத் திருத்தியபோது, முகவரி யூசர் பகுதிக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் ஆக்சஸ்_ஓகே என்ற ஒரே ஒரு சரிபார்ப்பு விடுபட்டது. சாதாரண யூசர் ஒருவர் கெர்னல் மெமரியில் எழுத அது வழி திறந்துவிட்டது. பாதுகாப்புப் பிழைகளின் பொதுப் பட்டியலான சிவிஇயில் இது சிவிஇ-2017-5123 என்று பதிவாகியிருக்கிறது. வெயிட்ஐடி ஒன்றும் புதிய அழைப்பு இல்லை, எழுதியவர்கள் அனுபவம் இல்லாதவர்களும் இல்லை. பிறகு 5.0 பதிப்பில், அந்த வேகமான பாதையைத் திறக்கும் யூசர்_ஆக்சஸ்_பிகின் ஃபங்ஷனுக்குள்ளேயே இந்தச் சரிபார்ப்பைச் சேர்த்துவிட்டார்கள். எழுதுகிறவரின் ஞாபகத்தை நம்பாமல், மறக்கவே முடியாதபடி செய்த அந்தத் திருத்தத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

உங்களுக்கான நடைமுறை இதுதான். யூசர் பாயின்டரை நட்சத்திரக் குறி போட்டு நேரடியாகத் தொடவே கூடாது. படிக்க காப்பி_ஃப்ரம்_யூசர், எழுத காப்பி_டு_யூசர், ஒரே ஒரு எண் என்றால் கெட்_யூசர், புட்_யூசர். இவை முகவரியின் எல்லையையும் பார்க்கும். அந்தப் பக்கம் மெமரியில் இல்லையென்றால் கெர்னலை விழவிடாமல் சமாளிக்கவும் செய்யும். பாயின்டரின் வகையில் இரட்டை அடிக்கோட்டு யூசர் குறியைப் போட்டு வையுங்கள், ஸ்பார்ஸ் கருவி தவறான பயன்பாட்டைக் கண்டுபிடித்துச் சொல்லும்.

காப்பி_ஃப்ரம்_யூசர் திருப்பும் எண் பிழை எண் இல்லை. 'இத்தனை பைட்டை நகலெடுக்க முடியவில்லை' என்ற கணக்கு அது. 0 என்றால் எல்லாம் வந்தது. பூஜ்யமில்லை என்றால் நீங்கள்தான் ஈஃபால்ட் (14) திருப்பவேண்டும். புதியவர்கள் அந்த எண்ணை அப்படியே திருப்பிவிடுவது அடிக்கடி நடக்கும். அப்போது புரோகிராமுக்கு ஒரு நேர்மறை எண் போய்ச் சேரும், அது வெற்றி என்று நினைத்துக்கொள்ளும்.

அப்புறம், ஒரு முறை மட்டும் படியுங்கள். இதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். ஒரு ஸ்ட்ரக்டின் தொடக்கத்தில் நீளம் என்ற ஃபீல்ட் இருக்கிறது என்று வையுங்கள். கெர்னல் முதலில் அந்த நீளத்தை மட்டும் படிக்கிறது: 64. 'சரி, 64 பைட் பஃபர் போதும்' என்று ஒதுக்குகிறது. பிறகு முழு ஸ்ட்ரக்டையும் மறுபடி யூசர் மெமரியிலிருந்து எடுத்து, அதில் உள்ள நீளத்தை வைத்து லூப் ஓட்டுகிறது. இரண்டு வாசிப்புக்கும் நடுவில், இன்னொரு சிபியுவில் ஓடும் இன்னொரு த்ரெட் அந்த 64ஐ 60,000 ஆக மாற்றிவிட்டது. சரிபார்த்தது ஒன்று, பயன்படுத்தியது வேறொன்று. நடுவில் இருப்பது சில நானோசெகண்ட்தானே என்று விடமுடியாது. தாக்குகிறவர் லட்சம் தடவை முயற்சி செய்வார், ஒரு தடவை பலித்தால் போதும். ஆகவே எல்லாவற்றையும் கெர்னலின் சொந்த மெமரிக்கு ஒரே முறை நகலெடுங்கள், நகலைச் சரிபாருங்கள், நகலை மட்டுமே பயன்படுத்துங்கள். நீளத்துக்காக இரண்டாம் முறை படித்தே ஆகவேண்டும் என்றால், படித்த பிறகு முதலில் வந்த நீளத்தை நகலின் மேல் எழுதிவிடுங்கள்.

எண்களும் பாயின்டர் அளவுக்கு ஆபத்தானவை. 'எத்தனை' என்று வாங்கி, ஒவ்வொன்றும் 16 பைட் என்று பெருக்கி மெமரி ஒதுக்குகிறீர்கள். பெருக்கல் 32 பிட்டில் நடந்தால், 26,84,35,457 என்ற எண்ணை 16ஆல் பெருக்கும்போது விடை சுற்றிவந்து வெறும் 16 ஆகிவிடும். 16 பைட் ஒதுக்கிவிட்டு, இருபத்தாறு கோடிச் சொச்சம் முறை எழுதுவீர்கள். கேமல்லாக்_அர்ரே, அர்ரே_சைஸ், ஸ்ட்ரக்ட்_சைஸ் ஆகியவை இதற்காகவே இருக்கின்றன. அதற்கும் மேலே, உங்களுக்கென்று ஓர் உச்சவரம்பு வையுங்கள். கெர்னல் மெமரியை ஒருவர் கேட்ட அளவுக்கெல்லாம் கொடுக்கக்கூடாது. யூசர் கொடுத்த எண்ணை வைத்து ஓர் அர்ரேயில் தேடுகிறீர்கள் என்றால், எல்லையைச் சரிபார்த்த பிறகு அர்ரே_இன்டெக்ஸ்_நோஸ்பெக் வழியாகவும் அனுப்புங்கள். 2018இல் வெளியான ஸ்பெக்டர் பிரச்சினைக்குப் பிறகு, சிபியு ஊகித்து முன்னே ஓடும்போது 'இஃப்' சரிபார்ப்பைத் தாண்டிப் படித்துவிடும் என்று நமக்குத் தெரியும்.

வெளியே எழுதும்போது இன்னொரு பொறி உண்டு. ஸ்ட்ரக்டின் ஃபீல்டுகளுக்கு நடுவில் கம்பைலர் விடும் வெற்று பைட்கள். 32 பிட் எண் ஒன்று, அடுத்து 64 பிட் எண் ஒன்று என்றால் எக்ஸ்86-64இல் நடுவில் 4 பைட் இடைவெளி வரும். இரண்டு ஃபீல்டையும் நிரப்பி காப்பி_டு_யூசர் அழைத்தால், அந்த 4 பைட்டில் கெர்னல் ஸ்டாக்கில் முன்பு கிடந்த ஏதோ ஒன்று யூசருக்குப் போய்விடும். கெர்னல் முகவரி ஒன்றின் பாதியாகக்கூட அது இருக்கலாம். முதலில் மெம்செட் போட்டு முழுவதையும் பூஜ்யமாக்குங்கள். அதைவிட நல்லது, இடைவெளியே இல்லாதபடி ஃபீல்டுகளை அடுக்கி, மிஞ்சும் இடத்துக்கு 'ஒதுக்கியது' என்று பெயரிட்டு வைப்பது. பாஹோல் என்ற கருவி எந்த ஸ்ட்ரக்டில் எங்கே ஓட்டை என்று காட்டும்.

32 பிட் புரோகிராம்களை மறக்காதீர்கள்

மேலே சொன்ன அதே ஸ்ட்ரக்ட் 32 பிட் எக்ஸ்86இல் 12 பைட், 64 பிட்டில் 16 பைட். அங்கே 64 பிட் எண் 4 பைட் எல்லையிலேயே உட்கார்ந்துகொள்ளும். 64 பிட் கெர்னலில் 32 பிட் புரோகிராம் ஓடும்போது இரண்டு பேரும் வெவ்வேறு இடத்தில் தேடுவார்கள். 'லாங்', 'சைஸ்_டி' போன்றவற்றை ஸ்ட்ரக்டுக்குள் வைக்கவே வேண்டாம். அளவு நிலையான யூ32, யூ64 மட்டும் வையுங்கள், 64 பிட் ஃபீல்டுகளை 8 பைட் எல்லையில் அமையுங்கள், பாயின்டரைக்கூட யூ64 ஆக வாங்குங்கள். அப்படிச் செய்தால் 32 பிட்டுக்கென்று தனியாகக் காம்பட் ஃபங்ஷன் எழுதும் வேலையே பெரும்பாலும் வராது. நேரம் ஏதாவது வாங்கினால் 64 பிட் விநாடிதான். 32 பிட் கணக்கு 2038 ஜனவரியோடு தீர்ந்துவிடும்.

யாருக்கு அனுமதி

நம் தகவல் அழைப்பு இன்னொருவருடைய பிராசஸைப் பற்றிச் சொல்கிறது. எல்லோருக்கும் சொல்லலாமா? கூடாது. ஏற்கெனவே பிராக் அடைவில் இதே மாதிரித் தகவலுக்கு என்ன சரிபார்ப்பு இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பிட்ரேஸ்_மே_ஆக்சஸ் என்ற ஃபங்ஷன் கண்ணில் படும். அதையே பயன்படுத்துங்கள். புதிய கதவில் பழைய கதவைவிடத் தளர்வான பூட்டு இருந்தால், பழைய பூட்டுக்கும் பயன் போய்விடும்.

தனி உரிமை தேவைப்படும் வேலை என்றால் உடனே கேப்_சிஸ்_அட்மின் என்ற பொதுவான நிர்வாக உரிமையை எடுக்காதீர்கள். அது ஏற்கெனவே ரூட்டுக்குச் சமமாகிவிட்டது. அதைப் பிரித்துத்தான் 2020இல் 5.8 பதிப்பில் கேப்_பிபிஎஃப், கேப்_பெர்ஃப்மான் ஆகியவற்றைத் தனியாக எடுத்தார்கள். பொருத்தமான சிறிய உரிமை எது என்று தேடுங்கள். யூசர் நேம்ஸ்பேஸ் (தனக்கென யூசர்களும் உரிமைகளும் உள்ள பிரித்த சூழல்) உள்ளே யாரும் ரூட் ஆகலாம் என்பதால், எந்த நேம்ஸ்பேஸின் உரிமையைச் சோதிக்கிறீர்கள் என்பதையும் யோசித்தே எழுதவேண்டும்.

உள்ளே வேலை நடக்கும் வரிசை

நம் ஃபங்ஷனின் உடல் இப்படிப் போகும். முதலில் ஃப்ளாக்ஸ், சைஸ் சரிபார்ப்பு. இதற்கு எந்த லாக்கும் வேண்டாம், தோற்றால் இழப்பும் இல்லை. பிறகு பிஐடிஎஃப்டியிலிருந்து பிராசஸைப் பிடித்து அதன் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை ஒன்று கூட்டுவது. பிறகு அனுமதி. பிறகு லாக்கைப் போட்டு, எண்களை ஸ்டாக்கில் உள்ள நம் சொந்த ஸ்ட்ரக்டுக்கு எடுத்துக்கொள்வது. லாக்கை விடுவது. அதன் பிறகே காப்பி_டு_யூசர். கடைசியில் ரெஃபரன்ஸை விடுவது.

காப்பிக்கு முன் லாக்கை விடவேண்டும் என்பதில் காரணம் இருக்கிறது. யூசர் பக்கம் ஸ்வாப்பில் (டிஸ்க்கில்) இருக்கலாம், அதைக் கொண்டுவரும்வரை கெர்னல் தூங்கும். ஸ்பின்லாக்கை (காத்திருப்பவர் தூங்காமல் சுற்றிக்கொண்டே நிற்கும் லாக்கை) பிடித்துக்கொண்டு தூங்கினால் கணினியே உறைந்துவிடக்கூடும். அதோடு, யூசர்ஃபால்ட்எஃப்டி அல்லது ஃப்யூஸ் ஃபைல்சிஸ்டம் (பக்கத்தைக் கொண்டுவரும் வேலையை யூசர் புரோகிராமிடமே விடும் வசதிகள்) வழியாக ஒருவர் அந்தப் பக்கத்தை வேண்டுமென்றே எவ்வளவு நேரமானாலும் தாமதப்படுத்த முடியும். உங்கள் லாக்கின் சாவியை அவர் கையில் கொடுத்ததாகிவிடும்.

புதிய ஃபைல் டிஸ்கிரிப்டரைத் திருப்பும் அழைப்புகளுக்கு இன்னொரு வரிசை விதி உண்டு. எண்ணை ஃபைலோடு இணைக்கும் எஃப்டி_இன்ஸ்டால்தான் கடைசி வேலை. அது நடந்த அந்த நொடியிலேயே இன்னொரு த்ரெட் அந்த எண்ணைப் பயன்படுத்தலாம், மூடவும் செய்யலாம். அதற்குப் பிறகு ஒரு பிழை வந்தால் திரும்பிப் போக வழியில்லை. ஆகவே எண்ணை ஒதுக்கி, ஃபைலை உருவாக்கி, காப்பி_டு_யூசர் உட்பட தோற்கக்கூடிய எல்லாவற்றையும் முடித்த பிறகு இன்ஸ்டால் செய்யுங்கள். நடுவில் தோற்றால் புட்_அன்யூஸ்டு_எஃப்டி, எஃப்புட் இரண்டும் போட்டுக் கணக்கை நேர்செய்யுங்கள்.

காத்திருக்கும் அழைப்பு என்றால் சிக்னல் வந்தால் எழவேண்டும். பாதி வேலை முடிந்திருந்தால் முடிந்த அளவைத் திருப்புங்கள், ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஈரீஸ்டார்ட்சிஸ் திருப்புங்கள். அந்த எண் யூசருக்குப் போகாது. கெர்னலே அதைப் பார்த்து அழைப்பை மறுபடி தொடங்கும், அல்லது ஈஇன்டர் (4) ஆக மாற்றும்.

பதிவு செய்வது

ஃபங்ஷனை சிஸ்கால்_டிஃபைன்4 மேக்ரோவில் எழுதுங்கள். கடைசியில் உள்ள 4 ஆர்கியுமென்ட் எண்ணிக்கை. இந்த மேக்ரோ வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது: சில 64 பிட் ஆர்க்கிடெக்சர்களில் 32 பிட் எண்ணின் மேல் பாதியைச் சுத்தப்படுத்துவது அழைப்பவரின் பொறுப்பு என்று கம்பைலர் நினைக்கும், ஆனால் அழைப்பவரோ நம்பத்தகாத யூசர். சிவிஇ-2009-0029 அதுதான். மேக்ரோ அந்த மேல் பாதியைச் சரிசெய்துகொடுக்கும். வேறு கெர்னல் கோடும் இதே வேலையைக் கேட்டால், உள்வேலையைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்து அதை அழைக்கச் செய்யுங்கள். கெர்னலுக்குள்ளிருந்து சிஸ்டம் காலையே அழைக்கக்கூடாது.

பிறகு சிஸ்கால் அட்டவணையில் ஒரு வரி: எண், காமன் என்ற சொல், அழைப்பின் பெயர், ஃபங்ஷன் பெயர். 2019இல் 5.1 பதிப்பிலிருந்து 424 முதலான எண்கள் எல்லா ஆர்க்கிடெக்சருக்கும் பெரும்பாலும் பொது, ஆகவே ஓபன்ஏட்2 பெரும்பாலான இடங்களில் 437. உங்கள் எண் கடைசி வரை மாறக்கூடியது, வேறு யாராவது அதே எண்ணை முன்பே எடுத்திருப்பார்கள். கான்ஃபிக்கில் அணைக்கக்கூடிய வசதி என்றால் சிஸ்_என்ஐ ஃபைலிலும் ஒரு வரி சேருங்கள். அப்போதுதான் வசதி இல்லாத கெர்னல் ஈநோசிஸ் (38) சொல்லும். 'இந்த வசதியே இங்கே இல்லை' என்பதற்கு மட்டும்தான் ஈநோசிஸ். வேறு எதற்கும் அதைப் பயன்படுத்தினால், அதைப் பார்த்துப் பழைய வழிக்குத் திரும்பும் லைப்ரரிகள் குழம்பிப்போகும்.

சோதனை

சி லைப்ரரியில் உங்கள் அழைப்புக்கு ஃபங்ஷன் வர நாளாகும். அதுவரை சிஸ்கால் என்ற பொது ஃபங்ஷனில் எண்ணைக் கொடுத்து அழையுங்கள். சோதனை புரோகிராமைக் கெர்னலின் டூல்ஸ் அடைவுக்குள் உள்ள செல்ஃப்டெஸ்ட்ஸ் பகுதியில் வையுங்கள். எல்லாவற்றையும் கியூஇஎம்யு போன்ற மெய்நிகர்க் கணினியில் ஓட்டுங்கள், வேலை செய்யும் கணினியில் வேண்டாம்.

சரியான உள்ளீட்டுக்குச் சரியான விடை வருகிறதா என்பது பத்தில் ஒரு பங்குதான். தவறான உள்ளீடு ஒவ்வொன்றுக்கும் எந்தப் பிழை எண் வருகிறது என்று பாருங்கள். ஃப்ளாக்ஸில் ஒவ்வொரு பிட்டையும் தனித்தனியாக வைத்து, தெரியாதது ஒவ்வொன்றும் ஈஇன்வால் தருகிறதா? சைஸ் 0, 1, சரியானதைவிட ஒன்று குறைவு, ஒன்று கூடுதல், மிகப் பெரியது. பாயின்டர் பூஜ்யம், கெர்னல் முகவரி. பிறகு, அடுத்தடுத்து இரண்டு பக்கங்களை எம்மேப் செய்து, இரண்டாவதைத் தொடமுடியாதபடி எம்புரொடெக்ட் செய்துவிட்டு, ஸ்ட்ரக்டை முதல் பக்கத்தின் விளிம்பில் பாதி உள்ளே பாதி வெளியே வையுங்கள். ஈஃபால்ட் வரவேண்டும், கெர்னல் லாகில் ஒரு வரிகூட வரக்கூடாது, ரெஃபரன்ஸ் எதுவும் கசிந்திருக்கக்கூடாது. இதே சோதனையை 32 பிட்டாகவும் கம்பைல் செய்து அதே கெர்னலில் ஓட்டுங்கள்.

கெர்னலை கேசான், லாக்டெப் இரண்டையும் இயக்கிக் கம்பைல் செய்யுங்கள். முன்னது மெமரி எல்லை மீறலையும், பின்னது லாக் வரிசைத் தவறையும் பிடிக்கும். இடைவெளி பைட் கசிவைப் பிடிக்க கேஎம்சான் இருக்கிறது, 6.1 பதிப்பில் சேர்ந்தது. பிறகு சிஸ்காலர் (syzkaller, தாறுமாறான அழைப்புகளைத் தானே உருவாக்கிச் சோதிக்கும் கருவி) என்பதற்கு உங்கள் அழைப்பின் ஆர்கியுமென்ட் விவரத்தை எழுதிக் கொடுத்து இரவு முழுவதும் ஓடவிடுங்கள். நீங்கள் யோசிக்காத வரிசையில், யோசிக்காத த்ரெட்களிலிருந்து அது அழைத்துப் பார்க்கும்.

மேனுவல் பக்கத்தைக் கோடோடு சேர்த்தே எழுதுங்கள், பேட்ச் அனுப்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளவேண்டாம். குறிப்பாகப் பிழை எண்களின் பட்டியலை எழுதும்போது, ஒரே எண் நான்கு வேறு காரணங்களுக்கு வருவது கண்ணில் படும். 'இந்த ஃப்ளாக்கும் அந்த ஃப்ளாக்கும் சேர்ந்து வந்தால் என்ன' என்ற கேள்விக்குப் பதில் எழுத முடியாமல் நிற்பீர்கள். அந்த இடத்தில் கோடுக்குத் திரும்பிப் போய், அந்தச் சேர்க்கையை ஈஇன்வால் கொடுத்து மறுத்துவிட்டு, அதையே பக்கத்திலும் எழுதுங்கள்.